பஞ்சத்துக்கு முந்திய பாத்தி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மழைமாதங்களில் மட்டும் நீர் கண்டு, மற்றைய மாதங்களில் வறண்டு கிடக்கும் வழுக்கியாற்றை ஆறு என்று அழைப்பதை அந்நாட்டவரின் தாராள மனப்பான்மைக்கு ஓர் உதாரணமாகவே கொள்ளவேண்டும். சுண்ணாம்புக் கற்பாறையின்மேல் ஆழமில்லாது படிந்த மண்ணில், கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த அவ்வுழவர், நெல்லை மட்டும் வானத்தின் பொறுப்பிலேயே விட்டுவைத்தனர். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை விதைக்கப்பட்ட அந்த நெல், நல்ல வருஷத்திலும் குடாநாட்டின் வயிறு முழுவதையும் நிரப்பியதாகச் சொல்வதற்கில்லை. ஆகவே, அங்கே சோற்றின் பெரும்பகுதி கடல் கடந்து வரும் பொருளாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. இந்தியக் கரையிலிருந்தும், பிற்காலத்தில் பர்மாவிலிருந்தும் அரிசி கரையிறங்கியது.

கப்பல் வராத காலங்களில் இம்மக்களைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், பனை என்று எவரும் தயங்காமல் விடை கூறுவர். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. பனை தானாக எவரையும் காப்பாற்றியதில்லை. ஆவணியில் விழுந்த பழத்தைப் பொறுக்கி, புரட்டாசியில் அதன் விதையைப் பாத்தியில் அடுக்கி, தை மாசியில் கிழங்கைக் கிண்டி, பங்குனி வெயிலில் அதைக் காயவைத்துப் பெட்டியில் இட்டு வைத்தவர்களே காப்பாற்றினார்கள். அதுவும், அப்படிச் செய்த வேளையில் கப்பல்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன, அரிசி மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. வறுமைக் காலத்தில் பழைய உணவுகள் திரும்பி வந்துவிட்டன என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவை எங்கிருந்து திரும்பி வருகின்றன, அவை போய்விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் எவர் வீட்டில் தங்கியிருந்தன என்ற விசாரணையை ஒருவரும் செய்வதில்லை. அப்படிக் காயவைத்த கிழங்காகிய யாழ்ப்பாணத்து ஒடியலின் விருத்தாந்தத்தை அந்த நோக்கோடு பார்ப்பது பயனுடையது.

பனம்பழக் காலத்தில் வேலை விடியுமுன்னே தொடங்கும். இரவில் விழுந்த பழங்களை மாடு சூப்பிவிடுமுன் பொறுக்கிக் கடகத்தில் சேர்ப்பது சிறுவருக்கும் பெண்களுக்கும் உரிய வேலை. கறுத்த தோலை உரித்தபின், தும்பும் கொட்டையுமாய் எஞ்சுவதை நீர் தெளித்துப் பிசைந்தால் மஞ்சள் நிறமான களி வரும். அதனை வடித்தெடுத்து, நிலத்தில் படாமல் கால்நட்டு உயர்த்திய தட்டின்மேல் விரித்த ஓலைப்பாயில் மெல்லியதாக ஊற்றி வெயிலில் காயவிடுவர். காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு படை, மறுநாள் மற்றொரு படை என்று பல நாள் ஊற்றிக் காய்ந்த பின்னர், அது தோல்போல் உரிந்து வரும். அதுவே பனாட்டு. துண்டுதுண்டாக வெட்டிப் பெட்டியில் அடுக்கினால் அது மாதக்கணக்கில் கெடாது. பனம்பாணியில் ஊறவைத்தாலோ பாணிப்பனாட்டு என்ற விசேஷப் பண்டமாகி, விருந்தினர் வரும்போது மட்டும் பானையின் வாய் திறக்கப்படும். பழம் விழுவதற்கும் மழை இறங்குவதற்கும் இடைப்பட்ட வெயில் சிலவே ஆகையால், பனாட்டுப் போடும் வீட்டில் வானத்தைப் பார்க்காத கண் இராது.

களி போனபின் கொட்டை எஞ்சும்; ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள். பல இடங்களில் பழத்தைத் தின்று கொட்டையை எறிவர். இங்கேயோ பழம் ஒரு பொழுதின் உணவு என்றும், கொட்டையே வருஷத்து உணவு என்றும் கருதப்பட்டது. பொலபொலவென்ற மணற்பாங்கான மண்ணை மேடாக்கி, விதைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின்மேல் மண் மூடுவார்கள். அதன்பின் அதற்கு இறைப்பும் வேண்டாம், பசளையும் வேண்டாம். மாரி மழையே போதும். விதையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் முளை மூன்று நான்கு மாதத்தில் ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீண்ட கிழங்காகும். அதை நாள் அறிந்து கிண்டவேண்டும். முந்தினால் மா வைத்திராது. பிந்தினால் குருத்து மேலே எழுந்து, கிழங்கு தும்பாகிவிடும். கிழங்கு நீங்கிய கொட்டையாகிய ஊமலும் வீணாவதில்லை, அடுப்புக்குப் போய்விடும்.

கிண்டிய கிழங்கைப் பச்சையாகவே தோல் நீக்கி, இரண்டாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் கிழித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இவ்விரண்டுக்கும் வயல் ஒன்றே, வாழ்க்கை வேறு. புழுக்கொடியல் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்னும் பண்டம். பல் போன முதியவர்க்கு உரலில் இடித்துக் கொடுப்பதும் உண்டு. ஒடியலோ மாவாக்கப்படுவது. அந்த மாவில் ஒரு கைப்பு இருக்கிறது. நீரில் கரைத்து, ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடித்த பின்னரே அது உண்ணத் தகுந்ததாகும். அப்படி வடித்த மாவைப் பிழிந்து, தேங்காய்ப்பூச் சேர்த்து, நீத்துப்பெட்டியில் அவித்தால் ஒடியற்பிட்டு; புளியும் செத்தல் மிளகாயும் கரைத்துக் கொதிக்கும் உலையில் ஊற்றினால் ஒடியற்கூழ். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை எல்லாம் அந்தக் கூழில் போடலாம். பனையோலையைக் கோலிக் கட்டிய பிளாவில் அதைக் குடித்தவர்கள் அதன் ருசியை வாயாரப் புகழ்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆயினும் அவர்களுள் பலர் ஒடியலையன்றி நண்டையும் இறாலையுமே புகழ்கின்றனர் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். முருங்கையிலையும் உப்பும் மிளகாயும் மட்டும் இட்டுக் காய்ச்சிய கூழை வாரத்தில் நான்கு நாள் குடித்தவர்கள் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை.

இவை எல்லாம் அடைந்த இடம் அடுப்புக்கு மேலே இருந்த பரண். குசினிப் புகை ஓயாமல் ஏறிக்கொண்டிருந்தபடியால் அங்கே வண்டும் பூஞ்சணமும் எளிதில் அணுகா. ஒடியற் பெட்டிக்கு அருகே உப்பிட்டு அடைத்த பழப்புளிப் பானையும், மோர்மிளகாயும், வேப்பம்பூ வடகமும், கருவாடும், குரக்கனும் தத்தம் ஸ்தானங்களில் இருந்தன. பனங்கட்டி குட்டான் குட்டானாக உறியில் தொங்கியது. வீட்டுப் பெண்களே இந்தச் சேமிப்புக்கு அதிபதிகள். எந்தப் பெட்டியை எந்த மாதத்தில் திறப்பது, எதை அடுத்த பருவம் வரை தொடாமல் வைப்பது என்ற கணக்கு அவர்கள் மனத்திலேயே இருந்தது, ஏட்டில் எழுதப்படவில்லை. எழுதப்படாமையால் சரித்திரகாரர் அதனைக் கண்டுகொள்ளவும் இல்லை.

பனையைக் கண்டவர்கள் உண்டு. வில்லியம் பெர்குசன் என்பவர் 1850-இல் பனை ஒன்றைப்பற்றியே ஒரு நூல் எழுதினார். பனையின் உபயோகங்கள் 801 என்று எண்ணிப் பாடிய தாலவிலாசம் என்னும் தமிழ் நூலை ஆங்கிலம் அறிந்த உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவரே. இலங்கையில் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாய் இருந்த எமர்சன் டெனண்டும் 1859-இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் வடபகுதி மக்களின் ஜீவனம் பனையோடு பின்னிக்கிடப்பதை விரித்து எழுதினார். அவர்களுக்கு முன்னர் ஒல்லாந்தர் பனையை மரமாகவே அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பனைமரம் வெட்டப்பட்டு அவர்கள் காலத்தில் சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியாயிற்று. வியாபாரி வளையையும் சலாகையையும் எண்ணினான், கிழங்கை எண்ணவில்லை. அது சந்தைக்கு வராத பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தார் ஆங்கிலம் கற்றுக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உத்தியோகம் தேடிப் போயினர். 1905-இல் ரயில் பாதை காங்கேசன்துறை வரை பூர்த்தியாயிற்று. புகைவண்டி நிலையத்திலும் திறைசேரியிலும் கிளாக்கராய் இருந்தவர் மாதந்தோறும் அனுப்பிய மணியோடர் ஊரின் நெற்களஞ்சியமாயிற்று. அதனால் மண்வீடு கல்வீடாயிற்று, ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாயிற்று. பர்மா அரிசி மலிவாக வந்திறங்கிய அக்காலத்தில் மூன்று வேளையும் அரிசிப் பண்டம் உண்பது கௌரவத்தின் இலக்கணம் ஆயிற்று. ஒடியல் மெல்ல மெல்ல ஒரு சாராரின் உணவாகச் சுருங்கியது: மரமேறிப் பிழைத்தவர், கூலிக்கு இறைத்தவர், காணியற்றவர், விதவைகள் ஆகியோரே அந்தச் சாரார். உயர்ந்த வீடுகளில் அது வருஷத்தில் ஓரிரு முறை, முற்றத்தில் பெரும்பானை வைத்து, உறவினர் கூடிக் குடிக்கும் கேளிக்கையாய் மாறியது. ஏழையின் வீட்டில் நித்திய நிர்ப்பந்தமாயும் செல்வன் வீட்டில் எப்போதோ ஒரு நாள் விநோதமாயும் ஒரே உணவு இருந்ததே அதன் உயிரைக் காத்தது என்று எண்ணத் தோன்றுகிறது. முன்னவர் கை செய்முறையை மறக்கவில்லை, பின்னவர் நா அதன் சுவையை மறக்கவில்லை.

1942 ஆம் வருஷம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. மார்ச் 8-இல் இரங்கூன் விழுந்தது. ஒரு மாதத்துக்குள் யாழ்ப்பாணத்தின் இரண்டு தூண்களும், அதாவது மலாயாவின் மணியோடரும் பர்மாவின் அரிசியும், ஒருங்கே சாய்ந்தன. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. கூப்பன் என்ற சொல் ஊர் வழக்கில் ஏறியது. கூட்டுறவுச் சங்கக்கடைகள் கிராமந்தோறும் தோன்றின. அப்பொழுது பரணில் இருந்த பெட்டிகளின் மதிப்பு திடீரென்று உயர்ந்தது. ஆனால் எல்லாப் பரணிலும் பெட்டி இல்லை. பாத்தி போட்டால் கிழங்கு வரும், கிழங்கு காய்ந்தால் ஒடியல் ஆகும் என்பதை எல்லோரும் அறிவர். மார்ச் மாதத்தில் பாத்தி போட முடியாது என்பதே விஷயம். பழம் விழ ஐந்து மாதம், கிழங்கு முற்ற இன்னும் ஐந்து மாதம். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதா என்று அவசரக்காரனைக் கேட்கும் நாட்டில், அதே கேள்வியைப் பசித்தவனும் கேட்க நேர்ந்தது. இடைப்பட்ட மாதங்களில், கல்வீட்டார் தாம் அதுவரை கீழாக மதித்தவர்களிடம் ஒடியல் வாங்கவேண்டியவராயினர்.

இந்த யுத்தகாலத்துப் பங்கீடு இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது. அரிசிக்குப் பதிலாக வழங்கப்பட்ட கோதுமை மாவை முதலில் முகஞ்சுளித்து வாங்கியவர்கள், அதை அவித்து அரித்துப் பிட்டாக்கவும் இடியப்பமாக்கவும் கற்றுக்கொண்டனர். அமெரிக்கன் மா என்று அதற்குப் பெயரும் இட்டனர். பாணும் காலை உணவாயிற்று. யுத்தம் முடிந்தது, ஒடியல் தன் பெட்டிக்குத் திரும்பியது, கோதுமை மா திரும்பவில்லை. துர்ப்பிட்சம் எப்பொழுதும் இரண்டு வகை உணவுகளை ஒருசேர அழைத்துவருகிறது: ஒன்று பரணிலிருந்து இறங்குவது, மற்றொன்று கப்பலிலிருந்து இறங்குவது. பஞ்சம் நீங்கியபின் வீட்டில் தங்கிவிடுவது பெரும்பாலும் இரண்டாவதே. அதற்கு உழைப்பு வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். காசு இருந்தால் போதும். பழைய உணவின் மீட்சியைக் கொண்டாடுவோர் இந்த இரண்டாம் விருந்தாளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுதந்திரத்தின்பின் அரிசி அரசியலாயிற்று. பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதனால் 1953 ஆகஸ்ட் 12-இல் நிகழ்ந்த ஹர்த்தால் ஒரு பிரதம மந்திரியின் பதவியையே கொண்டுபோயிற்று. அதன்பின் வந்த அரசாங்கங்கள் மலிவு அரிசியைத் தொட அஞ்சின. எனவே ஒடியலுக்கு மேலும் சில காலம் ஓய்வு கிடைத்தது.

1970-க்கும் 1977-க்கும் இடைப்பட்ட காலம் விசித்திரமானது. அந்நியச் செலாவணி வற்றியமையால் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. அதனால் அவற்றை விளைவித்த யாழ்ப்பாணத்து உழவன் கையில் அதற்கு முன்னும் பின்னும் கண்டிராத பணம் புரண்டது. ஆனால் அதே காலத்தில் அரிசியை விரும்பியபடி கொண்டுசெல்லக் கட்டுப்பாடு. பாணுக்கு விடியற்காலையிலிருந்தே வரிசை. உணவுச்சாலைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு விற்கக்கூடாது என்ற கட்டளை. தெற்கே மரவள்ளியும் வற்றாளையும் தின்று மக்கள் அலுத்திருந்தபோது, வடக்கே மிளகாய் விற்ற காசை மடியில் வைத்துக்கொண்டு ஒடியற்பிட்டு உண்ட குடும்பங்கள் இருந்தன. வறுமையின் உணவை வசதியோடு உண்ட அந்த ஏழு வருஷத்திலே அதனைப் பற்றிய கூச்சம் சிறிது குறைந்தது என்று முதியவர்கள் சொல்வர். 1977-இல் ஆட்சி மாறி, துறைமுகங்கள் திறந்துவிடப்பட்டபோது, வெங்காயத்தின் விலையும் விழுந்தது, கூச்சமும் மீண்டது. அடுத்த வருஷம் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வீட்டுப் பெண்களின் மனக்கணக்கில் இருந்த ஒரு காரியத்துக்கு அரசாங்கம் ஒரு சபையை அமைக்கும் காலம், அந்தக் காரியம் வீட்டை விட்டு நீங்கத் தொடங்கிய காலமாயிருப்பது இயற்கையே.

இதுவரை சொன்னவையெல்லாம் 1990-க்குமுன் நடந்த ஒத்திகைகள் என்றே சொல்லத் தகும். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் அரசாங்கப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது, யாழ்தேவி ரயில் ஓடுவது நின்றது, மின்சாரம் அற்றது, குடாநாட்டுக்குள் வரும் ஆனையிறவு வழி அடைபட்டது. எரிபொருள், பசளை, சீமெந்து, பற்றறி முதலாகத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. அரிசியும் மாவும் பருத்தித்துறைக்குச் செஞ்சிலுவைக் கொடியின் காவலில் கப்பலில் வந்தன, வந்தவை போதவில்லை. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். சவர்க்காரம் அருமையானபோது பனம்பழத்தின் களியைத் துணியில் தேய்த்துத் துவைத்தார்கள். நுரையும் வந்தது, அழுக்கும் போயிற்று, பனம்பழ வாசனை மட்டும் உடையை விட்டுப் போகவில்லை, அந்த வாசனையை முகர்ந்து மாடுகள் பின்தொடர்ந்தன என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. சீனி கைக்கெட்டாத விலைக்கு ஏறியதால், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் பழைய வழக்கம் வீட்டுக்கு வீடு மீண்டது.

அந்த ஐந்தாறு வருஷத்திலே ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் அடைந்த ஸ்தானம் அதற்குமுன் எப்போதும் அடைந்திராதது. முன்னைய நெருக்கடிகள் ஏதோ ஒருவகையில் தீர்ந்தன. இதுவோ தீரவில்லை, ஆகவே பாத்தி போடக் காலம் கிடைத்தது. இரண்டாம் வருஷத்திலிருந்து, முன்பு குரோட்டன் செடி நின்ற கல்வீட்டு முற்றங்களிலும் பனம்பாத்திகள் எழுந்தன. ஆனால் முற்றம் இருந்தால் போதுமா? எந்த நாளில் கிண்டுவது, எத்தனை தண்ணீரில் கைப்பு நீங்கும், மழை இருட்டு எழும்போது பனாட்டுப் பாயை எப்படிச் சுருட்டாமல் மூடுவது என்பவற்றை அவ்வீட்டார் அறியார். ஓலைக்குடிசையில் இருந்த ஆச்சிமாரே அப்போது ஆசிரியராயினர். இரண்டு தலைமுறையாகப் பரிகாசத்துக்கு உரியதாய் இருந்த ஒரு வித்தையை, அவர்கள் வேறு வழியில்லாமையால் கைவிடாது வைத்திருந்தனர். ஊர் முழுவதற்கும் அது தேவைப்பட்டபோது அதற்குக் கூலி கேட்டவர் சிலர், கேளாதவர் பலர். சிக்கனம் ஓர் ஒழுக்கம் என்று போதிப்பவர்கள், அந்த ஒழுக்கத்தை நல்ல காலத்திலும் விடாது காத்தவர்கள் பெரும்பாலும் நல்ல காலம் வாய்க்காதவர்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் போதனை இன்னும் நேர்மையாயிருக்கும்.

அதே வருஷங்களில் பனைக்கு ஒரு பெரும் சேதமும் நேர்ந்தது. பதுங்குகுழிக்கு மேல்மூடி பனங்குற்றியே. காவலரணுக்குச் சுவரும் பனங்குற்றியே. போரிட்ட இரு தரப்பாரும் அதனைத் தறித்தனர். வீட்டாரும் தம் பிள்ளைகளைக் காக்கத் தம் வளவுப் பனையைத் தறித்தனர். ஷெல் விழுந்து தலையிழந்து நின்றவை வேறு. எத்தனை மரம் போயிற்று என்பதற்குப் பலரும் பல எண்ணிக்கை கூறுவர். லட்சக் கணக்கில் என்பதில் மட்டும் ஒருவரும் மாறுபடுவதில்லை. வயிற்றைக் காத்த மரமே உயிரைக் காக்கவும் வேண்டியிருந்தமையால், அடுத்த பருவத்தின் பழம் இந்தப் பருவத்துப் பதுங்குகுழியின் கூரையாகக் கிடந்தது.

பரணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1995 அக்டோபர் 30 காட்டியது. போர் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் ஒரே இரவில், கொட்டும் மழையில், செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். சைக்கிளில் முதியவர் ஒருவரை ஏற்றினால் ஒடியற் பெட்டிக்கு இடமில்லை. வருஷக் கணக்கில் ஒழுங்காகச் சேர்த்தவனும் ஒன்றும் சேர்க்காதவனும் அந்தப் பாலத்தின்மேல் சமமாயினர். சேமித்த உணவு, வீடு நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது. விலையேற்றத்தையும் கப்பல் தாமதத்தையும் அது தாங்கும், இடப்பெயர்வைத் தாங்காது. 2009-இல் வன்னியில் நடந்த போரின் இறுதி நாட்களில் மக்கள் உண்ட உணவு அரிசியும் நீரும் உப்பும் மட்டுமான கஞ்சி. இன்று ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி என்று அதனைக் காய்ச்சி வழங்குகின்றனர். அது துக்க அனுஷ்டானம். பரண் உணவோடு அதனை ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

நடுவில் 2002-இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் கண்டி வீதி திறந்ததும், 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டதும், அப்போது விலைகள் ஏறிப் பழைய பெட்டிகள் இன்னொருமுறை இறங்கியதும் விரித்துரைக்க வேண்டாதவை. 2009-க்குப் பின் பாதை நிரந்தரமாகத் திறந்தது. பல்பொருள் அங்காடிகள் வந்தன. புலம்பெயர்ந்தோரின் பணம் பழைய மணியோடரின் இடத்தைப் பன்மடங்காய் நிரப்பியது. ஒடியல் மா பொலித்தீன் பையில் புகுந்து லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் விமானமேறியது. அங்கே கோடைகால ஒன்றுகூடல்களில் கூழ் காய்ச்சுவோர் நண்டுக்குக் குறை வைப்பதில்லை. ஊரிலே கோதுமை மாவைவிட ஒடியல் மா விலை கூடிய பண்டமாயிற்று: சிக்கன உணவு என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்று, அதனை வாங்கியுண்பவனுக்குச் சிக்கனமே அல்ல. வீட்டுப் பெண்களின் உழைப்புக்கு விலை போடப்படாத வரையிலேதான் அது மலிவாய் இருந்தது. மலிவு என்று நாம் கருதியது அவர்கள் கைக்கு நாம் கொடாத கூலி.

2022-இல் இலங்கை முழுவதும் யாழ்ப்பாணமாயிற்று என்று சிலர் கசப்போடு கூறினர். ஏப்ரல் மாதம் அந்நியக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. எரிவாயுச் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் மைல் கணக்கில் வரிசை நின்றது. கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி உணவின் பணவீக்கம் செப்ரெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு விடுமுறை கொடுக்கப்பட்டது. விறகடுப்பு மீண்டும் எரிந்தது. வடக்கிலோ, வரிசையில் நின்று பழகியவர்களும் ஜாம் போத்தல் விளக்கை மறவாதவர்களும் தெற்கின் பதற்றத்தைச் சற்று ஆச்சரியத்தோடு பார்த்தனர். ஒடியலைப்பற்றிய பேச்சும் எழுத்தும் மறுபடி பெருகின. ஆனால் பரண்கள் இல்லை. ஓட்டு வீட்டின் இடத்தில் எழுந்த கொங்கிறீட் வீட்டுக் குசினியில் புகை ஏறுவதற்கு வழியில்லை. ஆச்சிமாரில் பலர் காலமாகிவிட்டனர். மரமேறுவோரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். அவர்கள் போனதில் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. பழங்கள் விழுந்தன, பொறுக்குவோர் இல்லாமல் பல வளவுகளில் மரத்தடியிலேயே கிடந்து, தம்பாட்டில் முளைத்தன.

கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிலையத்தார் ஒடியல் மாவின் கைப்பு நீக்கத்தையும் பனங்களியின் பாதுகாப்பையும் ஆராய்ந்துவருகின்றனர். பாடசாலைப் பிள்ளைகளும் சங்கங்களும் கார்த்திகை மாதத்தில் பனம்விதை நடுகின்றனர். அழிந்த மரங்களுக்கு ஈடாக நட்டவை பல கிராமங்களின் எல்லையில் வடலிகளாய் நிற்கின்றன. பனையிலே ஆண் வேறு, பெண் வேறு. பழம் தருவது பெண்பனை மட்டுமே. முதற்பாளை வர பன்னிரண்டு முதல் இருபது வருஷம் செல்லும். அதுவரை வடலியைப் பார்த்து இன்னதென்று சொல்ல எந்த விவசாயிக்கும் இயலாது. போர் முடிந்தபின் நட்டவற்றில் பழம் தருவன எத்தனை என்பது பலவற்றுக்கு இனிமேல்தான் தெரியவேண்டும். அதற்குள் விலை மீண்டும் ஏறுமாயின், பாத்திக்கு விதை 1990-க்குமுன் நின்று, குற்றியாகாமல் தப்பிய பழைய மரங்களிலிருந்தே வரவேண்டும்.